சித்தப்பா சொல்லாமல் விட்ட வரி

போன மார்ச்சில் நான் திருப்பூர் போனது பனியன் வாங்க அல்ல. வெள்ளிக்கிழமை விடிவதற்கு வெகுநேரம் முன்பே சித்தப்பா இறந்துவிட்டார். மதுரை ஆரப்பாளையத்தில் 6.10 பேருந்து, 190 கிலோமீட்டர், டிக்கெட் 175 ரூபாய். 11.20க்குக் கோவில்வழி நிலையத்தில் இறங்கினேன். (ஊருக்குள் போக அங்கிருந்து வேறு வண்டி பிடிக்க வேண்டும்.)

ஆட்டோவுக்கு 150 ரூபாய். துக்க வீடு என்றதும் ஓட்டுநர் தானாகவே பூக்கடையில் நிறுத்தினார்.

"எங்கீங்க அடக்கம்?"

"சர்ச் கல்லறையில இடம் குடுப்பாங்களான்னு தெரியலைங்க."

"ஏனுங்க, உங்களுக்கெல்லாம் ஒரே சாமிதானுங்களே! அதுலயுமா சண்டை?"

"அந்தச் சாமி யாருங்கறதுலதாங்க சண்டை."

சிரித்தவர், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்ததும் ஆட்டோவில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார்.

சித்தப்பாவும் சித்தியும் நெல்லைப் பக்கமிருந்து வந்து பனியன் கம்பெனியில் தைத்தவர்கள். சித்தப்பா வேதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, இயேசு தேவனுடைய குமாரன்தான், தேவன் அல்ல என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஆனாலும் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போனார். சபையார் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் குமாரனைத் தேவன் என்று சொல்லும் வரி வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வார். பெண்கள் பக்கத்திலிருந்து சித்தி அந்த வரியை உரக்கச் சொல்வாள், அவர் சொல்லாதது யாருக்கும் தெரியாதபடி. போன வருடம் அவரே சர்ச் போதகரான ஐயரிடம் சொல்லிவிட்டார். அதன்பின் ஆராதனையில் அவருக்கு நற்கருணை அப்பமும் ரசமும் இல்லை.

சர்ச் கல்லறையில்தான் அவர்களுடைய மகன் இருக்கிறான். ஏழு வயதில் காய்ச்சலில் போனவன். அவன் பக்கத்தில் அப்பாவைப் படுக்கவைக்க வேண்டும் என்பது மட்டுமே சித்தியின் ஆசை.

ஐயர் வீட்டுக்கு வந்தார். கல்நெஞ்சக்காரர் அல்ல, அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"கடைசி நேரத்துலயாவது அவரு இயேசுவைத் தேவன்னு அறிக்கை பண்ணினாராம்மா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

எல்லோரும் சித்தியைப் பார்த்தோம். சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"இத்தன வருசமும் அவுகளுக்கும் சேத்து நாந்தான் சொன்னேன், ஐயா. இப்பச் சொன்னாலும் அது என் சத்தந்தான். அவுக சொல்லல."

மாலை 4 மணிக்கு மாநகராட்சி மயானத்தில் அடக்கம் செய்தோம். ஜெபத்தை நான் வாசித்தேன். ஐயர் வாசலுக்கு வெளியே, வெயிலில், முடியும்வரை நின்றார்.

இயேசுவின் தெய்வீகம் பற்றிய பழைய வாக்குவாதங்களை நிறையப் படித்திருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் அறிவாளிகள் இருந்தார்கள். நான் எந்தப் பக்கம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

இதுபோல் கல்லறை பார்க்கப் போகிறவர்களுக்கு: ஞாயிறு போங்கள், கம்பெனிகள் லீவு, ரோடு காலியாக இருக்கும். சர்ச் கல்லறைக்கும் மாநகராட்சி மயானத்துக்கும் நடுவே நான்கு கிலோமீட்டர். பூமாலை இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு 8.30 ஆராதனைக்குச் சித்தியோடு போனேன். அந்த வரி வந்தது. சித்தி சொன்னாள், பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும்படி.