ஜேனெல் டீச்சரின் நாற்பத்தைந்து கிரெடிட்

வெர்லின் ஸ்ட்ரவுட் முப்பத்தொரு வருடமாக ஹாலோவே ஊரின் தானியக் கிடங்கில் எடை போடுகிறவர். வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பக்கம் அது, எங்கே பார்த்தாலும் கோதுமை மேடு. எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றுபோனது. ஆனால் எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் எண்ணைப் பார்க்கும் முன் அது எந்த அளவையில் எழுதியது என்றுதான் மேலே தேடுவார். புஷெல் என்பது அங்கே தானியம் அளக்கிற படி; ஒரு புஷெல் கோதுமை அறுபது பவுண்டு, ஒரு புஷெல் பார்லி நாற்பத்தெட்டே பவுண்டு. இதைக் கவனிக்காமல் சீட்டுப் போட்டுவிட்டு ஆரம்பத்தில் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறார்.

1993 மே மாதம் அவருக்கு வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷம். பேத்தி கோரா பிறந்து ஏழு வாரம். கட்டை விரலை நீட்டினால் கப்பென்று பிடித்துக்கொள்வாள். அதைக் கிடங்குக்கு வருகிற லாரிக்காரர் ஒவ்வொருவருக்கும் சொல்லி முடித்திருந்தார்.

கோராவின் அம்மா ஜேனெல், வெர்லினின் ஒரே மகள், அந்த ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பக்கத்து மாநிலம் ஐடஹோவில் வேலை பார்த்துவிட்டு இரண்டு வருடம் முன்பு ஊர் திரும்பியவள். அவளுக்கு இப்போது ஒரே கவலைதான். கோடை விடுமுறையில் ஆறு வாரம் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கல்லூரியில் தங்கிப் படிக்க வேண்டும், குழந்தையை விட்டுவிட்டு. அதற்கு அனுமதிக் கையெழுத்து வாங்கக் கல்வி அலுவலகத்துக்குப் போனாள். குழந்தையைத் தூக்கிக்கொள்ள வெர்லினும் கூடப் போனார்.

சுவரில் ஒட்டியிருந்த சம்பளப் பட்டியலைப் பார்த்ததும் அவருக்குக் கால் நகரவில்லை.

"ஏம்மா, இது என்ன இத்தனை கட்டம்?"

"மேலேர்ந்து கீழ போனா எத்தனை வருசம் பாடம் நடத்துனோம்னு. இந்தப் பக்கமா போனா பட்டம் வாங்குனதுக்கு அப்புறம் எத்தனை கிரெடிட், அதான் கல்லூரிப் பாடக் கணக்கு, படிச்சோம்னு. பதினஞ்சு, முப்பது, நாப்பத்தஞ்சு. எந்தக் கட்டத்துல நிக்கிறமோ அதான்ப்பா சம்பளம்."

"அப்ப நல்லா நடத்துற டீச்சருக்கு எந்தக் கட்டம்?"

"அதுக்குக் கட்டமே கிடையாது" என்று சிரித்தாள். "எனக்கு முப்பத்தஞ்சு இருக்கு. இன்னும் பத்து வேணும். அக்டோபருக்குள்ள காட்டலேன்னா ஒரு வருசம் போச்சு. பருப்பு மில்லுல கிர்க்குக்கு வேலை போனப்புறம் எப்படிப்பா சும்மா இருக்கிறது?"

கிர்க் அவள் கணவன். அவளை விடக் குழந்தைக்கு அவன்தான் நன்றாகத் துணி மாற்றுவான். ஆனால் பால் கொடுக்க முடியாதே.

கவுன்டரில் ஆர்டிஸ் ஜேனெலின் ஃபைலோடு வந்தாள். வெர்லினோடு எட்டாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தவள்.

"என்ன வெர்லின், எங்க ஆபீசையும் எடை போட வந்துட்டியா?"

"இவளை எடை போட்டுப் பாரு. பதினோரு பவுண்டு!" என்று குழந்தையை உயர்த்திக் காட்டினார்.

ஆர்டிஸ் ஃபைலைப் பிரித்தாள். இரண்டு மதிப்பெண் தாள்கள் இருந்தன. ஐடஹோவில் இருபது கிரெடிட், இங்கே பதினைந்து. வெர்லின் கண் வழக்கம்போல் தாளின் மேல்பகுதிக்குப் போனது. ஐடஹோ தாளில் 'செமஸ்டர்' என்றிருந்தது. இந்த ஊர்த் தாளில் 'குவார்ட்டர்'.

கேட்கலாமா என்று அவருக்கு நாக்கு அரித்தது. கூடவே ஒரு பயம். ஐடஹோ கிரெடிட் பார்லி மாதிரி லேசாக இருந்துவிட்டால்? பத்துக் குறைகிற இடத்தில் பதினைந்து குறையும். பிள்ளை இன்னொரு கோடையும் அம்மாவை விட்டுக் கிடக்க வேண்டும், அதுவும் இவர் வாய் திறந்ததால். ஆனாலும் இரண்டு அளவையை ஒன்றாகக் கூட்டியதைப் பார்த்துவிட்டு அவரால் சும்மா நிற்க முடியவில்லை.

"ஆர்டிஸ், இந்த ரெண்டு கிரெடிட்டும் ஒரே எடைதானா?"

"அப்பா, கொஞ்சம் பேசாம இருங்களேன்" என்றாள் ஜேனெல்.

"இல்லம்மா, மேல வேற வேற போட்டிருக்கே."

ஆர்டிஸ் கண்ணாடியை மாட்டினாள். ஒரு தாளைப் பார்த்தாள். மறு தாளைப் பார்த்தாள். "ஜேனெல், வேலைக்குச் சேரும்போது ஃபாரத்துல இருபதுன்னு யாரு எழுதினது?"

"நான்தான். தாள்ல இருபதுதானே இருக்கு?"

"ஐயோ பொண்ணே! ஒரு வருசப் படிப்பை அங்க செமஸ்டர்னு ரெண்டா வெட்டுறாங்க, இங்க குவார்ட்டர்னு மூணா வெட்டுறோம். அவங்க துண்டு பெருசு. அங்க ஒண்ணு இங்க ஒண்ணரை." கால்குலேட்டரில் தட்டினாள். "இருபது, முப்பது ஆச்சு. கூட இங்க படிச்ச பதினஞ்சு."

ஜேனெல் வாய்க்குள் கூட்டினாள். பிறகு விரல் விட்டுக் கூட்டினாள். மூன்றாம் வகுப்புக்குத் தினமும் கூட்டல் நடத்துகிறவள்.

"நாப்பத்தஞ்சு" என்றாள்.

"சரியா நாப்பத்தஞ்சு. செப்டம்பர்லேர்ந்து உனக்கு அடுத்த கட்டம். போன ரெண்டு வருசம் கம்மியா வந்த சம்பளத்தைப் பத்தி மேலே கேட்டு எழுதிப் பாரு, கிடைக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவங்களும் பார்க்கல, நானும் பார்க்கல."

"எட்டாங்கிளாஸ்ல நீ என்னைப் பார்த்துதானே கணக்கு எழுதின?" என்றார் வெர்லின்.

"பொய்! நீதான் என்னைப் பார்த்து எழுதின. அதான் ரெண்டு பேரும் ஃபெயிலு."

ஜேனெல் சிரிக்கவில்லை. அனுமதித் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்திலேயே கல்லூரிக்கு எழுத ஆரம்பித்தாள். கோடை வகுப்புக்கு வரவில்லை, விடுதி அறை வேண்டாம். இரண்டு வரி எழுதுவதற்குள் கோரா சிணுங்கினாள், பசி. மீதிக் கடிதத்தை ஆர்டிஸிடம் தள்ளிவிட்டு, அப்பா கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, அந்தச் சம்பளப் பட்டியலுக்குக் கீழே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவசரமில்ல, மெதுவா குடி" என்றாள் குழந்தையிடம். "நான் எங்கயும் போகல."