பஸ் ஸ்டாப்பில் ஒரு ரயில்வே பலகை

பழைய ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளைச் சேர்ப்பது என் கிறுக்கு. கோவில்பட்டிக்குத் தெற்கே, இப்போது ரயிலே நிற்காத ஓர் ஊரின் பலகைக்காகப் பழைய இரும்புக் கடைகளில் எல்லாம் நாயாய் அலைந்தேன். கடைசியில் அந்த ஊருக்கே போனால், பஸ் ஸ்டாப் வேப்பமரத்தில் அதைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள்!

புதுப் பலகையே எழுதித் தருகிறேன், இதைக் கொடுங்கள் என்று எதிரே இருந்த டீக்கடைக்காரரிடம் கெஞ்சினேன்.

"புதுச எவன் மதிப்பான் அண்ணாச்சி? ரயில்வே பலகையப் பாத்துத்தான் டிரைவரு பஸ்ஸ நிறுத்துதாரு."

சண்டை போட்டும் மசியவில்லை. எரிச்சலோடு அந்தப் பலகைக்கு அடியிலேயே பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினேன். கரிசல் புழுதியை மூஞ்சியில் இறைத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டது.

"அது எக்ஸ்பிரஸ்ஸுல்லா அண்ணாச்சி," என்றார் டீக்கடைக்காரர். "இங்கன எப்படி நிக்கும்?"