பாலாற்று மணலில் சாய்ந்த காற்றாலை

வாங்கப்பா, எல்லாரும் சௌக்கியமா? சாப்பிட்டாச்சா? நான் சொல்லச் சொல்ல என் மகள் ஃபோனில் அடிக்கிறாள். தப்பு இருந்தால் அவளைக் கேளுங்கள்.

ஈர மணல் வாசனை... காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்பு வாசனை. தொண்ணூறுகளின் கடைசி. ஆம்பூர்ப் பக்கம் எங்கள் காலனிக் கிணறுகள் உப்பாகிப்போனதால், பாலாற்று மணலில் புதுக்கிணறு வெட்டி, தண்ணீர் இறைக்க ஒரு காற்றாலை நட்டோம். நாலு இரும்புக் கால். மேஸ்திரி பஷீர் பாய். ஷூ கம்பெனிப் பெண்கள் ஷிப்ட் முடிந்து வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை தண்ணீர் வரும் என்று பாய் அவர்களுக்கு வாக்கு கொடுத்திருந்தார்.

ஒவ்வொரு காலைச் சுற்றியும் மணலைக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அது என் வேலை. மூன்று கால் இடித்தேன். நாலாவதுக்குள் மாட்டினிக்கு நேரமாகிவிட்டது. என்ன படம் என்று ஞாபகமில்லை, இடைவேளையில் தின்ற முறுக்கு ஞாபகமிருக்கிறது... நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் மணல் தானாக இறங்கிவிடும் என்று ஊற்றிவிட்டுப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை நிலம் நடுங்கியது. மூச்சு விடும் நேரம்தான். டீக்கடை கிளாஸ் எல்லாம் கிணுகிணுத்தது. ஒரு வீடும் விழவில்லை.

ஆற்றுக்கு ஓடினோம். நாலாவது காலடியில் மணல் கஞ்சியாகக் குழைந்து கிடந்தது. கால் ஒரு சாண் இறங்கி, காற்றாலை சாய்ந்து நின்றது.

பெண்கள் பாயைப் பார்த்தார்கள். பாய், தன் கணக்குதான் தப்பிவிட்டது என்று தலை குனிந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"பாய், உங்க தப்பு இல்ல. அந்த நாலாவது கால நான் இடிக்கல. சினிமாவுக்குப் போய்ட்டேன்."

பாய் தலை நிமிர்ந்தார். "படம் நல்லா இருந்துச்சா?"

"சுமாரு பாய்."

"சுமார் படத்துக்கா இவ்ளோ பேஜாரு?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஷூ தைக்கிற மேரி அக்கா சொன்னார்: "அளக்கிற படியில அரிசி கொட்டி ஒரு தட்டு தட்டினா இறங்குதில்ல? பூமி தட்டறதுக்கு முன்னாடி நாமளே தட்டிடணும்."

அந்தக் காலைக் கெட்டித் தரை வரை தோண்டி இறக்கினோம். மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டக் கொட்ட, மொத்தக் காலனியும் சுற்றி நின்று மிதித்தது. திமிசுக்கட்டையை யாரும் என் கையிலிருந்து வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் வந்தது. முதல் சொம்பை பாய் என் தலையில் ஊற்றினார்.

நேற்று மகள் ஒரு வீடியோ காட்டினாள். கடலுக்கு அடியில் மணலில் பெரிய இரும்புக் குழாயை இறக்கி, அதன்மேல் காற்றாலை வைக்கிறார்களாம். நிலநடுக்கத்தில் மணல் குழைந்து குழாய் சாயுமா என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறார்களாம். எங்களுக்கு மேரி அக்காவின் அரிசிப் படிதான் கம்ப்யூட்டர்.

எங்கள் காற்றாலை இன்றும் நேராக நிற்கிறது. காற்றடித்தால் சுற்றவும் செய்கிறது. கீழே கிணற்றில்தான்...

"இன்னாங்க, தண்ணி லாரி வந்துடுச்சு. குடத்த எடுத்துனு வாங்க."

வீட்டுக்காரி கூப்பிடுகிறாள், நான் வருகிறேன்.