பனிவிளக்கின் மேல் ஒரு சந்தனப் பொட்டு

நஞ்சன்கூட்டில் கபினிப் பாலத்தைக் கடந்ததும், குளிர்காலக் காலைகளில் சாலை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மைசூரில் எங்கள் வீட்டிலிருந்து, நான் நூலகராக இருக்கும் குண்டலுபேட்டைக் கல்லூரிக்கு அறுபது கிலோமீட்டர். விடியுமுன் காரை எடுத்தால் எட்டு மணிக்கு நூலகத்தைத் திறந்துவிடலாம். சமையலறைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே, யாரும் என்னை எதற்காகவும் கூப்பிடாத ஒன்றரை மணி நேரம் அது. நாளின் மற்ற நேரமெல்லாம் பிறருடையது என்பதால், இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

போன குளிர்காலத்தில் ஒருநாள், பனிக்குள்ளிருந்து ஒரு கரும்பு டிராக்டரின் பின்புறம் திடீரென்று முளைத்தது. அதற்குப் பின்விளக்கே இல்லை. பிரேக் கைகொடுத்தது; கரும்புத் தோகை மட்டும் பானட்டைத் தடவிவிட்டுப் போனது. எதையும் மறைக்காதவள் என்ற பெருமையில், அன்று மாலையே இதைக் கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் செவிலியர்.

“நாளையிலேர்ந்து பஸ்” என்றார்.

“பஸ்ஸுக்கு மட்டும் பனி விலகி வழி விடுமா?”

“பஸ் டிரைவர் உயரத்துல உக்காந்திருக்கார். நீ தரையோட தரையா போற.”

பல வாரப் பேச்சுக்குப் பின் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. காருக்குக் கூடுதலாக முன்விளக்கு பொருத்துவது. அடுத்த பனிக்காலத்தின் முதல் பனிநாளில் அவரும் உடன் வருவது. சாலை தெரிந்தால் கார், தெரியாவிட்டால் பஸ் பாஸ். அதுவரை பனி பெய்யும் நாட்களில் நான் பஸ்ஸில் போவேன். தீர்ப்பு அவருடையது.

விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் அடுத்த சண்டை. கூரையின் மேல் நீளமாகப் பொருத்தும் ஒன்றைக் கைபேசியில் காட்டினார்.

“இருபது பல்பு, வரிசையா. போட்டா ஊரே தெரியும்.”

“நமக்கு ஊர் தெரியும். எதிர்ல வர்றவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நேரா உங்க வார்டுக்குத்தான் வருவாங்க.”

வார்டைச் சொன்னதும் அவர் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மோட்டார் வாகன விதிகளை என் நூலகத்திலிருந்து என் பெயரிலேயே எடுத்துவந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து படித்தேன். தேடுவிளக்கு போன்ற எதையும் முன்புறம் நம் இஷ்டத்துக்கு மாட்டக் கூடாது. முன்னோக்கி எரியும் விளக்கின் ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். எட்டு மீட்டர் தள்ளி, சற்று வலப்புறமாக, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அது கூசச் செய்யக் கூடாது. அந்த வரியில் வெகுநேரம் நின்றேன். அத்தனை வறண்ட பக்கங்களுக்கு நடுவே, யாரோ ஒரு வழிப்போக்கரின் கண்ணைப் பற்றி ஒருவர் இவ்வளவு அக்கறையோடு யோசித்திருக்கிறார். சுவரோரம் நின்று அளந்து பார்த்தேன். என் கண்ணின் உயரமும் ஒன்றரை மீட்டர்தான்.

முகப்பு விளக்குகளுக்குக் கீழே பொருத்தும் ஒரு ஜோடி மஞ்சள் பனிவிளக்குகளை, கண்ணாடியில் ஒப்புதல் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். உயரத்திலிருந்து அடிக்கும் ஒளி பனியில் பட்டு வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும். தாழ்வாக எரிவது பனிக்கு அடியில் புகுந்து போகும்.

அக்ரஹாரத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக், கன்னடத்தையும் தமிழையும் ஒரே மூச்சில் பேசுபவர். நான் டேப்பால் எட்டு மீட்டர் அளந்து நின்றதை வேடிக்கையாகப் பார்த்தபடி திருகாணியைத் திருப்பினார்.

“கூசுதா அக்கா?”

“கொஞ்சம்.”

“இப்ப?”

“இல்ல. அப்படியே வைங்க.”

“போதுமா, இன்னும் அளக்கணுமா?” என்றார் கூட வந்திருந்த கணவர். “போலீஸ்காரரே இப்படி நிறுத்தி வச்சுப் பார்க்க மாட்டார்.”

சுவிட்சுக்கு ஒயர் இழுக்கும் வேலை மீதியிருந்ததால் கார் அன்று பட்டறையிலேயே தங்கியது. மறுநாள் ஆயுத பூஜை. அதற்கு அடுத்த நாள் எடுக்கப் போனால், கார் மணப்பெண்ணைப் போல நின்றது. சாமந்தி மாலை, வாழைக்கன்று; புது வரவு என்பதால் அந்த இரண்டு விளக்குகளுக்கும் உள்ளங்கை அகலத்தில் சந்தனம், நடுவே குங்குமம்.

நாங்கள் ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிறவர்கள்; காருக்குள் கண்ணாடியில் தொங்குவது செபமாலை. ஆனாலும் ஒரு மனிதர் எங்கள் நலத்துக்காக வேண்டிக்கொண்டு வைத்த பொட்டைக் கந்தல் துணியால் துடைத்தெறிவது மரியாதையாகப் படவில்லை. மாலையை வாடியதும் எடுத்தோம். காரைக் கழுவும்போது அந்த இரண்டு வட்டங்களை மட்டும் தீவுகளைப் போல விட்டுவிட்டுக் கழுவினோம். பம்பரின் குழிக்குள் இருந்ததால் மழையும் அவற்றைத் தொடவில்லை. பனி இல்லாமல் அந்த விளக்குகளை எரிக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்ததால், அவை சாலையில் எப்படி எரிகின்றன என்பதும் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து முதல் பனி இறங்கியது. கணவர் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பாலத்தைத் தாண்டியதும் சுவிட்சைப் போட்டேன். மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தெளித்தது போல ஏதோ ஒன்று முன்னால் படர்ந்து, இரண்டடியில் முடிந்துபோனது. கணவரின் கை கதவுக்கு மேலிருந்த பிடியை இறுக்கிக்கொண்டது. நடக்கும் வேகத்தில் ஒரு டீக்கடை வரை போய்ச் சேர்ந்தோம்.

“பாஸ் எடுத்துக்கலாம்மா” என்றார், மிகவும் மென்மையாக. அதட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

இறங்கிப் போய் விளக்கின் முன்னால் கையை நீட்டினேன். உள்ளங்கையின் நடுவே வட்டமாக ஒரு நிழல், அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள் விளிம்பு. கிரகணம் மாதிரி இருந்தது.

“ஏங்க, இங்க வாங்க.”

குனிந்து பார்த்தார். “சந்தனம்!”

“தொடைங்க.”

“நான் மாட்டேன். அவர் சாமி கும்பிட்டு வச்சது. நீ தொடை.”

“வண்டி உங்க பேர்லதானே இருக்கு?”

கடைசியில் மெக்கானிக்கையே கைபேசியில் அழைத்து, இருவருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

“இன்னும் தொடைக்கலியா? அய்யோ தேவரே, கடவுளே! பூஜை முடிஞ்ச மறுநாளே தொடைச்சிடணும் அக்கா. புது லைட்டுன்னு நான் வேற அள்ளி அப்பியிருக்கேன்.”

“உங்க மனசு நோகுமேன்னுதான்…”

“என் மனசு எதுக்கு நோகுது? எங்கயாவது இடிச்சா பம்பர்தான் நோகும். சுடுதண்ணி வாங்கித் தொடைங்க. சாமிக்கும் ரோடு தெரியணும்ல!”

டீக்கடைக்காரர் ஒரு செம்பில் வெந்நீர் தந்தார். கணவர் கைக்குட்டையை நனைத்து, காயத்தைச் சுத்தம் செய்வது போல, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

மீண்டும் கிளம்பினோம். பனிக்கு அடியில், பாய் விரித்தாற்போல மஞ்சள் ஒளி விரிந்தது. சாலையோர வெள்ளைக் கோடு தெரிந்தது. கோட்டின் மேலேயே சுருண்டு படுத்திருந்த நாயும் தெரிந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனேன். சற்று நேரத்தில் கணவரின் கை பிடியிலிருந்து இறங்கி மடிக்கு வந்தது. நான் அதைப் பார்க்காதது போல ஓட்டினேன்.

பேகூர் அருகே பனி விலகியது. விளக்கை அணைத்தேன்.

“நல்லாத்தானே எரியுது, ஏன் அணைக்கற?”

“இனிமே இது எதிர்ல வர்றவங்களுக்குத்தான் தொந்தரவு.”

“அந்த எட்டு மீட்டர் ஆசாமியா?”

“அவரேதான்.”

“அவர் நல்லா இருக்கட்டும். நீ காருலயே போ.”

குண்டலுபேட்டையில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. அவருக்கு மதியம் டியூட்டி, மைசூருக்குத் திரும்ப வேண்டும், கார் என்னிடம். பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டேன்.

“பாஸ் ஒண்ணு எடுத்துக்கறீங்களா?”

“வாயை மூடிட்டுப் போய் லைப்ரரியைத் திற.”

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தார். கையசைத்துவிட்டுக் கிளம்பப் போனேன். என்ன நினைத்தாரோ, படியிறங்கி ஓடிவந்தார். காரின் முன்னால் குனிந்து, இடப்பக்க விளக்கின் ஓரத்தில் ஒட்டியிருந்த கடைசிச் சிவப்பைக் கைக்குட்டையால் துடைத்தார். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். கைக்குட்டையை ஆட்டிக்கொண்டே அவர் பஸ்ஸின் பின்னால் ஓடினார்.