ஆட்டுக் காவலுக்கு ஓர் எக்ஸ்ட்ரா ரவுண்டு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கொஞ்ச நேரம் நான் கொலைகாரனாக இருந்தேன்.

சிரிக்காதீர்கள். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வீரம் தெரியும். பல் டாக்டர் நாற்காலியைப் பின்னால் சாய்த்ததுமே, "வலி போயிருச்சு டாக்டர்" என்று இறங்கி வந்தவன் நான். அப்படிப்பட்டவன், ஒரு மனுஷியைக் காரால் அடித்துவிட்டதாக நம்பி, இறங்கிப் பார்க்கத் தைரியமில்லாமல் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வாரம் முழுக்க, கண்ணை மூடினால் அந்த ஸ்டியரிங்தான்.

இடம், செட்டியார்பட்டிக்கு அந்தப் பக்கம் வற்றிக் கிடக்கிற ஒரு கண்மாய்.

கார் வைத்திருக்கும் ராஜபாளையத்து நண்பர்கள் சிலர் கோடையில் அங்கே ஆட்டோகிராஸ் நடத்துகிறார்கள். பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. காய்ந்த தரையில் காலி பெயின்ட் டின்களைக் கவிழ்த்து, வளைவு வளைவாக ஒரு பாதை. ஒருத்தர் சுற்றி வந்த பிறகுதான் அடுத்தவர். டின்னை இடிக்காமல் யார் சீக்கிரம் வருகிறாரோ அவருக்குக் கப். மற்றவர்களுக்கு லெமன் சாதம்.

போன வருஷம் நான் லெமன் சாதம் கோஷ்டி. அதிலும் கடைசிப் பந்தி.

காரணம் இருக்கிறது. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியைத் திருப்புவது என்றால் தேரைத் திருப்புவதுதான். நின்று, நிதானித்து, கட்டை போட்டு, நாலு பேர் சத்தம் கொடுத்து... என் பழைய ஃபியட்டையும் நான் அப்படித்தான் திருப்புகிறேன். கட்டை போடத்தான் ஆளில்லை.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு ஓட்டத் தெரியாம இல்ல. பயம். அம்புட்டுதான்" என்றார் வெங்கட்ராஜா, இந்த வருஷம் போய் இறங்கியதுமே. இந்த விளையாட்டையெல்லாம் கூட்டி நடத்துகிறவர் அவர்தான். பேண்டேஜ் துணி பேக்டரி வைத்திருக்கிறார். அடிபட்டால் கட்டுவதற்குச் சரக்கு வீட்டிலேயே இருக்கிறது. அவருக்கு எதற்குப் பயம்?

"பயத்துக்கு என்ன செய்ய?"

"ரெண்டு ரவுண்டு கூட ஓட்டிப் பாருங்க. தானா தெளிஞ்சிரும்."

அங்கேதான் சிக்கல். போட்டியில் ஆளுக்கு மூன்று ரவுண்டுதான். பிராக்டீஸ் கிடையாது. வேண்டுமானால் பாதையைக் காலையில் நடந்து பார்த்துக்கொள்ளலாம். நடந்தேன். நடக்கும்போது எல்லா வளைவுகளையும் பிரமாதமாகத் திருப்பினேன்.

அடுத்தவர் காரில் இடது சீட்டில் உட்கார்ந்தும் கற்றுக்கொள்ளலாம். வெங்கட்ராஜாவின் மாருதியில் ஏறினேன். முதல் வளைவில் கண்ணை மூடினேன். மீதிப் பாதையை அந்த மாருதி எப்படிச் சுற்றியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இறங்கும்போது டேஷ்போர்டில் என் விரல் அச்சு இருந்ததாக அவர் சொல்லித் திரிகிறார்.

கடைசி வழி... வேலை பார்ப்பது. காலையில் ஏதாவது ஒரு வேலையை ஏற்றுக்கொண்டவருக்கு, மதியம் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் ஓர் எக்ஸ்ட்ரா ரவுண்டு உண்டு. வாட்ச் பிடிப்பது, விழுந்த டின்னை நிமிர்த்துவது, கொடி ஆட்டுவது என்று நிழலுக்குப் பக்கத்து வேலைகளை விவரமானவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது ஆட்டுக் காவல்.

அது என்ன காவல்? கண்மாயின் நடுப்பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் கிடக்கிறது. ஆடுகள் அதைக் குடிக்க வரும். வருகிற வழி, எங்கள் பாதையின் கடைசி வளைவைக் குறுக்கே வெட்டுகிறது. கண்மாய் ஆடுகளுக்குப் பாத்தியப்பட்டது. நாங்கள்தான் ஒரு நாள் விருந்தாளிகள். அதனால் ஆடு மேய்க்கிறவர்களிடம் ஓர் ஒப்பந்தம். வளைவில் ஓர் ஆள் சிவப்புத் துண்டோடு நிற்பார். துண்டு தெரிந்தால் கார் ஓடுகிறது என்று அர்த்தம், ஆடுகள் கரையிலேயே நிற்கும். துண்டு தெரியாவிட்டால் தாராளமாக வரலாம்.

துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில், மண்டைக்குள் ஆம்லெட் போட்டது.

கரையில் ஆடுகளை மறித்து வைத்திருந்தவர் பேச்சியம்மாள். ஐம்பது வயசு இருக்கலாம். வெயிலுக்கு ஒரு சாக்கைத் தலையில் முக்காடு மாதிரி கொங்காணி போட்டு, கையில் தூக்குவாளி, வாய் நிறைய வெற்றிலை. கார்கள் ஓடாத இடைவெளியில் கிட்டே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏந்தம்பி, காலையிலருந்து சுத்துறீகளே, எதையும் தொலைச்சுட்டீகளா?"

"இல்லக்கா, போட்டி."

"என்னது?"

"போட்டிக்கா. யாரு வேகமா வாரான்னு."

"கெளம்புன எடத்துக்கே திரும்பி வாரதுக்கு எதுக்கு இம்புட்டு வேகம்? அங்கனயே நின்னா முதல்ல வந்துரலாம்ல."

துண்டை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன்.

போகும்போது தன் காதைத் தொட்டுக் காட்டினார். "காது செத்த மந்தம், தம்பி. காரு சத்தம், ஆரன் சத்தம் ஒண்ணும் வெளங்காது. துண்டைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். நீ பாட்டுக்கு மறந்துராத."

"மறப்பேனாக்கா?"

மதியம் ஆயிற்று. கார்கள் நின்றன. எல்லோரும் ஆலமரத்து நிழலுக்குப் போனார்கள். பொட்டலம் பிரிக்கும் சத்தம் வளைவு வரைக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, வாங்க. ஒங்க ரவுண்டு" என்று கூப்பிட்டார் வெங்கட்ராஜா.

முகத்து வியர்வையைத் துண்டால் துடைத்தேன். துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். போய்க் காரில் ஏறினேன்.

உங்களுக்குப் புரிந்துவிட்டது, இல்லையா? அங்கே இருந்த அத்தனை பேரில் ஒருவருக்குக்கூடப் புரியவில்லை. ஆட்டுக் காவல் பார்த்ததற்காக எனக்கு ரவுண்டு கொடுத்தார்கள். நான் ரவுண்டு போகும்போது ஆட்டுக் காவல் யார்?

முதல் வளைவு தேர் மாதிரி போனேன். இரண்டாவது, கொஞ்சம் சின்னத் தேர். யாரும் வாட்ச் பிடிக்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை, எல்லார் கண்ணும் இலையில். அந்தத் தனிமை என்னைக் கெடுத்தது. மூன்றாவது வளைவில் டின்னைத் தொடாமல் ஒடித்துத் திருப்பியபோது, வாழ்க்கையில் முதல்முறையாகக் காருக்குள் நான் விசிலடித்தேன். காலை இன்னும் அழுத்தினேன். பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பயம் தெளிந்தவன் எவ்வளவு ஆபத்தானவன் என்று யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருக்கக் கூடாதா?

கடைசி வளைவுக்கு முன்னால், மலைப் பக்கமிருந்து காற்று ஒரு சுழற்றுச் சுழற்றியது. நான் கிளப்பிய புழுதி எனக்கு முன்னால் போய்ச் சுவர் மாதிரி நின்றது. உள்ளே நுழைந்துவிட்டேன்.

புழுதிக்குள் ஒரு பழுப்பு நிறம் அசைந்தது. அப்புறம் ஒரு கறுப்பு. அப்புறம் கொம்பு.

பிரேக்கை மிதித்தேன். காய்ந்த களிமண்ணில் கார் என் பேச்சைக் கேட்கவில்லை. அது பாட்டுக்குப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போயிற்று. சாக்குத் தலை ஒன்று கண்ணாடிக்கு நேராக ஒரு கணம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

தொப்.

மெத்தென்ற சத்தம் அது. கார் நின்றது. என்ஜின் அணைந்தது.

ஆடுகள் கத்தின. ஆடுகள் மட்டும்தான் கத்தின.

"அக்கா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. "யக்கா..." பதில் இல்லை. காது மந்தமென்று சொன்னவரிடம் பதிலை எதிர்பார்க்க முடியாது என்பதெல்லாம் இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான். செத்தவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள்.

புழுதிக்குள்ளிருந்து ஒரு தூக்குவாளி உருண்டு வந்தது. மூடி தனியாக வந்தது. வாளி ஓர் அரைவட்டம் போட்டு நின்றது. அதிலிருந்த கஞ்சியை மண் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறக்க வேண்டும். கை கண்ணாடி இறக்குகிற பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுக்க இறங்கிவிட்டது. கை இன்னும் சுற்றுகிறது. என் கை நான் சொல்வதைக் கேட்காமல் போனது அன்றைக்குத்தான்.

போலீஸ் ஞாபகம் வந்ததா என்று பிறகு வெங்கட்ராஜா கேட்டார். சத்தியமாக வரவில்லை. அந்த வெற்றிலை வாய்தான் வந்தது. 'நீ பாட்டுக்கு மறந்துராத' என்ற வாய். கழுத்தில் ஏதோ பாம்பு மாதிரி கனத்தது. தொட்டுப் பார்த்தேன். துண்டு.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முன் சக்கரத்துக்கு அடியில் சாக்குக் கிடந்தது. அவர் தலையில் இருந்த அதே சாக்கு. அடியில் ஏதோ புடைத்திருந்தது. ஒரு தலை அளவுக்கு.

மண்டியிட்டேன். சாக்கின் நுனியைப் பிடித்தேன். விட்டேன். மறுபடி பிடித்தேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன். பிறகு வெங்கட்ராஜாவைக் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

பெயின்ட் டின். நசுங்கிய, வெள்ளையடித்த, காலி பெயின்ட் டின்.

அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். சட்டையில் சுண்ணாம்பு இருக்கிறது.

நிமிர்ந்தேன். புழுதி அடங்கியிருந்தது. காருக்கு அந்தப் பக்கம், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச்சியம்மாள் நின்றிருந்தார். கையை நீட்டி நீட்டி ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன்.

"செத்த இரு. எண்ணிக்கை தப்பிரும்" என்றார், திரும்பாமல்.

நின்றேன். என் ஜென்மத்தில் ஒரு கணக்குக்காக நான் அவ்வளவு பக்தியோடு காத்திருந்ததில்லை. எண்ணி முடித்தார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். அப்புறம், "எல்லாம் இருக்கு" என்றார். சொன்ன இடத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். வெற்றிலை கீழே விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது.

நான் எடுத்துக் கொடுத்தேன். என் கையிலிருந்தும் விழுந்தது.

"துண்டைக் காணலையேன்னுதாந்தம்பி வந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ தன் பேரில் தப்பு மாதிரி சொன்னார். "சாக்கை உதறிட்டு அங்கிட்டுத் தாவலேன்னா..."

அதற்குள் வெங்கட்ராஜாவும் மற்றவர்களும் சாதக் கையோடு ஓடி வந்தார்கள். துண்டு பிடிக்க ஆளில்லாமல் போனது அப்போதுதான் புரிந்த வெளுப்பு எல்லார் முகத்திலும். ஒருத்தர் மட்டும் நிலைமை தெரியாமல், "ஆடு குறுக்க வந்தா இன்னொரு ரவுண்டு உண்டுல்ல, அண்ணாச்சி?" என்றார். வெங்கட்ராஜா தன் வீட்டுப் பாஷையான தெலுங்கில் அவரை ஏதோ சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனாலும் முழுக்கப் புரிந்தது.

பேச்சியம்மாள் எழுந்தார். என் கழுத்திலிருந்த துண்டை உருவினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும். நான் காட்டுனா நீங்க எல்லாரும் நில்லுங்க."

யார் மறுத்துப் பேசுவது? மத்தியானம் முழுக்க அப்படித்தான் நடந்தது. மில்காரர், டாக்டர், பேண்டேஜ் பேக்டரி... அந்தத் துண்டு எழுந்தால் அத்தனை காரும் கப்சிப். வெங்கட்ராஜா தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவருக்குக் கொடுத்தார். "புளிப்பு கம்மி" என்றாராம் பேச்சியம்மாள்.

நான் போட்டியில் ஓட்டவில்லை. காலையிலிருந்து நான் பயந்ததெல்லாம் எனக்காகத்தான்: டின் இடிக்குமோ, பெயின்ட் போகுமோ, நாலு பேர் சிரிப்பார்களோ. என்னைப் பார்த்து இன்னொருத்தர் பயப்பட வேண்டியிருக்கும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த அத்தனை வருஷத்தில், ஒரு தடவைகூட.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பினேன். வழி முழுக்க இரண்டாவது கியர். பின்னால் வந்த பஸ்காரர் ஆரன் அடித்தே ஓய்ந்துபோனார். ஊர் எல்லையில் வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று என் பக்கத்தில் வந்தது. வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, காரு ரிப்பேரா?"

"காரு நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்றேன். "நீ முன்னால போ."