ஆத்தூர் கரையில் எக்ஸ்ரேக்காரர்

என் வீட்டுக்காரர் மரியசெல்வம் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவர். ஊரில் பாதிப் பேருடைய எலும்பு அவருக்குத் தெரியும், முகம் தெரியாது. கடைவீதியில் யாராவது வணக்கம் வைத்தால் திருதிருவென்று முழிப்பார். "இடது தோள்பட்டை சார், சைக்கிள்ல விழுந்தேன்ல" என்று அவர்களாகச் சொன்ன பிறகுதான் முகம் மலரும். என்னைக் கல்யாணம் கட்டிய புதிதில் சர்ச் வாசலில் நான் என்று நினைத்து வேறொரு நீலச் சேலைக்குப் பின்னால் பாதித் தெரு நடந்துபோன மனிதர் அவர்.

குருவி என்றால் மட்டும் கண் வேறு மாதிரி ஆகிவிடும். எல்லாம் எண்பத்தெட்டில் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மத்தியானம் முழுக்க டொக் டொக் என்று ஒரு சத்தம். பக்கத்தில் எங்கேயோ பாத்திரப் பட்டறை போட்டிருக்கிறார்கள், நோயாளிகளுக்குத் தொந்தரவு என்று ஒரு வாரம் தெருத்தெருவாகப் பட்டறையைத் தேடியிருக்கிறார். கடைசியில் தோட்டக்காரர் வேப்பமரத்தைக் காட்டினார். உள்ளங்கையில் அடங்குகிற பச்சைக் குருவி, நெஞ்சில் ஒரு சிவப்புத் திட்டு. அதன் பெயர் குக்குறுவான் என்று கண்டுபிடிக்க இன்னொரு வாரம். அன்றோடு ஆள் கெட்டார்.

அடுத்து ஒரு கல்யாண போட்டோக்காரரிடம் பழைய கேமரா வாங்கினார். எனக்கு வளையல் வாங்கித் தருவதாகச் சொன்ன வருஷம், முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வந்தது. கறுப்பு வெள்ளைப் பிலிம்தான் போடுவார். டாக்டரிடம் அனுமதி வாங்கி, ஆஸ்பத்திரி இருட்டறையிலேயே அவரே கழுவிக்கொள்வார். நர்ஸ் பிள்ளைகள், "சார் இப்ப குருவிக்கும் எக்ஸ்ரே எடுக்குறாரு" என்று கேலி பண்ணும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் முதல் பூசை, இரண்டாம் பூசை எதுவும் கிடையாது. விடிந்தும் விடியாமலும் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

தொண்ணூற்றைந்து ஜனவரியில் அவருக்குப் பிடித்திருந்த பைத்தியத்தின் பெயர் விரால் அடிப்பான். பருந்து மாதிரி இருக்கும், குளிர் மாதங்களில் மட்டும் ஆத்தூர் அணைக்கு வரும், மேலேயிருந்து விழுந்து தண்ணீருக்குள் காலை விட்டு மீனைத் தூக்கிக்கொண்டு போகும். அந்தத் தூக்குகிற நொடியைப் படம் பிடிக்க மூன்று குளிர்காலமாக அலைந்துகொண்டிருந்தார். சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். வெஞ்சனத்தில் உப்பு இல்லை என்பதுகூட அவருக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு காலை எங்களுக்குள் சண்டை. என் அண்ணன் மகன் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை, வத்தலக்குண்டுக்குக் குடும்பமாகப் போக வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தேன். மனிதர் நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் கேமரா பையோடு வாசலைத் தாண்டிவிட்டார். "அங்கிட்டே இருந்துக்கங்க, வீட்டுக்கு வராதீங்க" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு சுந்தரம்மாள் அக்கா ஓடிவந்து, எனக்கு போன் வந்திருப்பதாகச் சொன்னார். போனில் ஒரு ஆண் குரல்.

"அம்மா, நான் செம்பட்டியில ஸ்டூடியோ வச்சிருக்கேன், அப்துல் லத்தீப். உங்க வீட்டுக்காரரை ஆத்தூர்க்காரங்க இங்க கூட்டிட்டு வந்திருக்காங்க. குளிக்கிற பொம்பளைகளைப் படம் புடிச்சுட்டாருன்னு சொல்றாங்க. பிலிமைக் கழுவிப் பாக்கணுமாம். வீட்டு ஆளு ஒருத்தர் வராம நான் தொட மாட்டேன்னுட்டேன். வாரீங்களாம்மா?"

"வாரேன்" என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அவமானத்தை விடுங்கள், என் பயம் வேறு. எக்ஸ்ரே அறை சாதாரண இடம் இல்லை. நெஞ்சுப் படம் எடுக்க வருகிற பெண்கள் தாலிச் செயினைக் கழற்றி, ஜாக்கெட்டை மாற்றி, ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மரியசெல்வம் சார் என்றால் தைரியமாகப் போகலாம் என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. இந்தப் பேச்சு மட்டும் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் மறுநாள் ஒரு பெண் அந்த அறைக்குள் வர மாட்டாள். அவர் அந்த வேலையில் நீடிக்க முடியாது. இந்த ஊரில் எங்களால் நடமாடவும் முடியாது.

சாட்சிக்கு ஆகட்டும் என்று அவருடைய ஆல்பம் மூன்றையும் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் வைத்துப் புரட்டினேன். நாரை, கொக்கு, கூழைக்கடா. அத்தனை வருஷம் ஏறெடுத்துப் பார்க்காத ஆல்பத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். பறவையையா பார்த்தேன்? பறவைக்குப் பின்னால் பார்த்தேன். மூலையில், ஓரத்தில், மங்கலாகத் தெரிகிற கரையில் யாராவது நிற்கிறார்களா என்று. ஒரு படத்தில் கூழைக்கடாவுக்குப் பின்னால் பாறை மேல் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது. ஆள் இல்லை, சேலை மட்டும்தான். ஆனால் சேலை காய்ந்தால் உடுத்தியவள் அங்கேதானே குளித்துக்கொண்டிருப்பாள்? இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளையும் நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். சீ, என்ன மனசு இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் எண்ணுவது நிற்கவில்லை.

செம்பட்டியில் ஸ்டூடியோ வாசலில் இருபது பேர் நின்றார்கள். என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் சேறு, முழங்கையில் முள் கிழித்த ரத்தம். யாரும் அடிக்கவில்லை, அது புதருக்குள் கிடந்ததால் வந்தது. கேமரா அவர் கையில் இல்லை. ஆத்தூர் பெரியவர் சோலைமுத்து என்பவர் அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்தபடி விறைப்பாக நின்றார்.

"இந்தாம்மா, நீயே கேளு" என்றார் ஒச்சம்மாள் என்ற நடுத்தர வயதுப் பெண். "நாங்க அஞ்சாறு பேரு குளிச்சுக்கிட்டு இருக்கோம். இந்தாளு புதருக்குள்ள படுத்துக்கிட்டு எங்க பக்கமா குழாயை நீட்டிக்கிட்டு இருக்காரு. கேட்டா குருவியாம்! குருவி எங்க வீட்டுக் கூரையில கெடக்கு, அதுக்கு ஆத்தூர் வரணுமா?"

அந்த அக்கா சொன்னதில் என்ன தப்பு? அந்த இடத்தில் நான் இருந்தாலும் விளக்குமாற்றைத்தான் தேடியிருப்பேன்.

ஆல்பத்தை நீட்டினேன். சோலைமுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "நல்லாத்தான் புடிச்சிருக்காரு" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா இது பழசு தாயி. இன்னைக்கு என்ன புடிச்சாருங்கிறதுதானே பேச்சு."

"நான்தான் அப்பவே சொன்னேனே, ஆஸ்பத்திரிக்கு வாங்க, நானே கழுவிக் காட்டுறேன்னு" என்றார் என் வீட்டுக்காரர்.

கூட்டம் கொதித்தது. "பாத்தியா, பாத்தியா!" என்றது. உண்மையைச் சொல்லியே மாட்டிக்கொள்கிற சாமர்த்தியம் அவருக்கு மட்டும்தான் உண்டு.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். "உள்ள என்ன இருக்கு?"

"அது படித்துறைக்கு நேராத்தான் விழுந்துச்சு அன்பு. பதினாறு தடவை அமுக்கினேன். பின்னால யாரும் விழுந்திருந்தா எனக்குத் தெரியாது. விழுந்திருக்கலாம்."

லத்தீப் பாய் மருந்து கலக்கினார். பிலிமை மாற்றிவிடுவார் என்ற சந்தேகம் வரக்கூடாது என்று சோலைமுத்துவையும் கேமராவோடு இருட்டறைக்குள் அழைத்துக்கொண்டார். அரை மணி நேரம் ஆயிற்று. எனக்கு ஜெபம்கூட வரவில்லை. அருள் நிறைந்த மரியேயில் பாதி வரை போய்ப் போய்த் திரும்பினேன்.

கதவு திறந்தது. முதலில் வந்த சோலைமுத்துவின் முகத்தில் ஒன்றும் புரியாத குழப்பம். பின்னால் லத்தீப் பாய் ஈரப் பிலிமைத் தூக்கிப் பிடித்து டியூப் லைட்டுக்கு நேராகக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் சுவர்க் கடிகாரம் தெரிந்தது.

"ஒன்னுமே இல்லையே பாய்?" என்றார் ஒச்சம்மாள்.

"இல்லக்கா. ஓரத்துல நம்பர் பளிச்சுன்னு இருக்கு பாருங்க, அப்ப மருந்துல குத்தம் இல்ல. பிலிமோட நாக்கு உருளையில மாட்டவே இல்ல. இவரு அமுக்க அமுக்க கேமராவுல எண்ணிக்கை மட்டும் ஓடியிருக்கு, பிலிம் டப்பாவை விட்டு நகரல. பொம்பளையும் இல்ல, குருவியும் இல்ல. இந்தப் பிலிமு வெளிச்சத்தையே பாக்கல."

காலையில் என்னோடு போட்ட சண்டையில், ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து அவசரமாகப் பிலிம் மாட்டியிருக்கிறார். என் வாய்க்கு ஒரு கும்பிடு.

அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை யாரோ தூக்கிக் கீழே வைத்தது போல இருந்தது. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. முதலில் சிரித்தது ஒச்சம்மாள்தான். "தப்பா நெனைச்சுக்காத தாயி, வயசுப் பொண்ணுகளும் குளிக்குதுக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க செஞ்சது சரிதான்க்கா" என்றேன், மனசாரத்தான் சொன்னேன். யாரோ டீ வாங்கி வந்தார்கள். சோலைமுத்து கேமராவைக் கழற்றி, கோயில் பொருளைக் கொடுப்பது போலத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், இனிமே வந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. பத்து மணிக்கு மேல கரைக்குப் போங்க, அப்ப ஆரும் குளிக்க மாட்டாக."

"பத்து மணிக்கு மேல அது மீன் புடிக்காதுங்களே" என்றார் என் வீட்டுக்காரர்.

தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். வாயை மூடினார். ஆனால் எனக்குள் அடங்கியிருந்தது மறுபடி தலை தூக்கியது. இத்தனைக்கும் பிறகு இவருக்குக் குளிக்கிற நேரம்தான் வேண்டுமா?

திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். ஊருக்கு அந்த வெறும் பிலிம் பதில் சொல்லிவிட்டது. எனக்குச் சொல்லவில்லை. பிலிம் நகரவில்லை, அதனால் படம் விழவில்லை, அவ்வளவுதான். கண் எங்கே இருந்தது என்பதற்கு எந்த மருந்தில் கழுவிப் பார்ப்பது? வேலை பிழைத்தது, மானம் பிழைத்தது, நான் மட்டும் இதைத் தூக்கிக்கொண்டே மிச்ச காலம் அவரோடு வாழ வேண்டுமா என்று நினைத்தேன்.

பஸ் செம்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அவர் தோள் குலுங்கியது. அழுதுகொண்டிருந்தார். நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை, சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சி அழுதார்.

"விடுங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சுல்ல. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாக."

"மூனு வருஷம் அன்பு" என்றார். "எனக்கு நேரா விழுந்துச்சு. ரெண்டு காலாலயும் புடிச்சுத் தூக்குச்சு. மேல போனதும் ஒரு உதறு உதறுச்சு பாரு, தண்ணி முத்து முத்தாச் செதறுது. அப்புறம் மீனைத் திருப்பிக்கிச்சு. தலை முன்னாடி இருக்க மாதிரி, காத்துல போக வசதியா. பொஸ்தகத்துல படிச்சிருக்கேன், இன்னைக்குத்தான் பாத்தேன். பதினாறு படம். ஒன்னுகூட இல்ல."

"ஏங்க, அங்க எத்தனை பொம்பளைக குளிச்சுக்கிட்டு இருந்தாங்க?"

யோசித்தார். நிஜமாகவே, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார்.

"தெரியலையே. அந்த அக்கா வந்து சட்டையைப் புடிச்சப்பதான் மனுசங்க இருக்காங்கன்னே தெரியும். கெண்டை இல்ல அன்பு, அது ஜிலேபி மீனு. அம்மாம்பெரிசு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. மானம் மயிரிழையில் தப்பியிருக்கிறது, இந்த மனுஷன் மீனுக்கு அழுகிறார்! கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொள்ளட்டும் என்று முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

மறைக்க மனசு வரவில்லை. "நானும் உங்களச் சந்தேகப்பட்டேங்க" என்றேன்.

"எப்ப?"

"பஸ்ல வரும்போது. செம்பட்டி வரைக்கும்."

கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன்.

அவர் என் முந்தானையிலேயே மூக்கையும் துடைத்துக்கொண்டார். "செம்பட்டி வரைக்கும்தானே" என்றார். பிறகு மீனை அது எப்படித் திருப்பியது என்று கையை வைத்துக் காட்ட ஆரம்பித்தார்.