பாக்யலட்சுமி விரித்த துண்டு

பாக்யலட்சுமிக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசை வரிசையாகக் கட்டிய மாரிக்குப்பம் லைன் வீடுகளில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். விடியற்கால ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகிற நெரிசலில் ஒருத்தன் அவள் இடுப்பில் கை வைத்தான். பங்காருப்பேட்டை வருவதற்குள் அவள் டிபன் கேரியர் அவன் முன்பற்களைப் பெயர்த்துவிட்டது. கட்டின புருஷன் ரவிகுமார் தினமும் குடித்துவிட்டு வந்து பெல்ட்டை உருவுவான். வருஷக் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தவள் ஒரு நாள் அம்மிக் குழவியைத் தூக்கினாள். தோள்பட்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன், தேறியதும் நேராக ஓசூருக்குப் போய் இன்னொருத்தியோடு குடித்தனம் பண்ணுகிறான். தொலையட்டும் சனியன். அவனால் விளைந்த ஒரே நல்லது மகள் பவ்யாதான்.

பெங்களூரில் ஒரு மாலில் பாக்யலட்சுமிக்கு செக்யூரிட்டி வேலை. அந்த மாலுக்குள் ஐஸ் தரை போட்டிருந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் அடியில் கத்தி வைத்த ஷூவை மாட்டிக்கொண்டு அதில் வழுக்கி விளையாடும். லீவு நாளில் பவ்யாவைக் கூட்டிக்கொண்டு போனாள். மானேஜர் தங்கமான மனுஷன், கூட்டமில்லாத நேரத்தில் பவ்யாவையும் இறங்க விட்டார். இறங்கினாள், விழுந்தாள், தாடை கிழிந்து தையல் போட்டார்கள், மறுவாரமே திரும்ப இறங்கினாள். பதினான்கு வயதில் மாநிலப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். அப்புறம் மால்காரர்கள் ஐஸைப் பெயர்த்தெடுத்துவிட்டுத் துணிக்கடை போட்டார்கள். பெண் சரியாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டது. ஷூவை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். பார்க்கப் பார்க்கப் பாக்யலட்சுமிக்கு யாரையாவது பிடித்து அறைய வேண்டும்போல் இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் நகரசபையில் அந்தப் பேச்சு கிளம்பியது. மூடிக்கிடக்கிற சுரங்க நிலத்தில் ஊருக்குப் பொதுவாக ஒரு ஐஸ் அரங்கம் கட்டுவதாம். பெரும்பங்கை ஒரு பெங்களூர் கம்பெனி தரும், மீதியில் முக்கால்வாசி சர்க்கார் பணம், கடைசித் துண்டை மட்டும் ஊர் ஜனங்கள் போட வேண்டும். தொகை பெரிதில்லை. ஆனால் ஒவ்வொரு லைனும் தன் பங்கைப் போட்டாக வேண்டும், ஒரு லைன் பின்வாங்கினாலும் அரங்கத்தைக் கோலாருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. மற்ற லைன்கள் எல்லாம் முக்கி முனகிப் போட்டுவிட்டன. பாக்யலட்சுமியின் லைன் மட்டும் அசையவில்லை.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பழைய கிளப் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். ஒரு காலத்தில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜை ஓட்டிய கொர்னேலியஸ்தான் லைனுக்குப் பெரியவர். அவர் பக்கத்தில் அவர் மகன் எல்வின்.

"குடிக்கத் தண்ணிக்கே பைப்பப் பாத்துக்னு கீறோம், இவளுக்கு ஐஸு கேக்குது" என்றான் எல்வின். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"எம் பொண்ணுக்கு மட்டுமா கேக்கறேன்? லைன் புள்ளைங்க எல்லாந்தான ஆடப்போவுது?" என்றாள் பாக்யலட்சுமி.

"யக்கா, உம் பொண்ணு அரைப் பாவாடை போட்டுக்னு ஆடறத வேடிக்க பாக்க நாங்க துட்டு அழுவணுமா? ரவி அண்ணன் புத்திசாலி, அப்பவே ஓடிட்டாரு."

அவன் வாயை மூடுவதற்குள் அறை விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. எல்வின் மடக்கு நாற்காலியைத் தூக்கினான், நாலு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. சுரங்கம் ஓடிய நாளில், உள்ளே போனவன் பிணமாக மேலே வந்தால் லைன் முனையில் ஒரு வெள்ளைத் துண்டை விரிப்பார்கள். செத்தவன் பேரை ஒரு தரம் உரக்கச் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு அன்றைய கூலியை அதில் போட்டுவிட்டுப் பேசாமல் போவார்கள். ஷிப்ட் காசு என்று பேர். சுரங்கத்தை மூடிய பிறகும், லைனில் எந்தச் சாவு விழுந்தாலும் ஷிப்ட் காசு நிற்கவில்லை. பரம எதிரி செத்தாலும் போடுவார்கள். விரித்த துண்டு வெறுமனே மடங்கினால் அடுத்த சாவு நம் வீட்டில்தான் என்று பயம். மாரியம்மனைக் கும்பிடுகிறவரோ, மாதாவையோ புத்தரையோ கும்பிடுகிறவரோ, அந்தப் பயம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பாக்யலட்சுமி கொர்னேலியஸின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை வெடுக்கென்று உருவித் தரையில் விரித்தாள்.

"செத்தாத்தான குடுப்பீங்க? உசுரோட கீற புள்ளைக்கு ஒத்த ரூபா வராதுல்ல? இந்தா, விரிச்சிட்டேன். செத்துப்போனது எம் பொண்ணு பவ்யா! போடுங்கடா ஷிப்ட் காசு!"

"அடிப்பாவி!" என்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள்.

"எட்றீ துண்ட! பெத்த வாயாடி அது?" கொர்னேலியஸ் குனிந்தார். அவள் பிடித்துத் தள்ளினாள். கிழவர் பெஞ்சில் மோதி விழுந்தார். பிடித்திருந்தவர்களை உதறிக்கொண்டு வந்த எல்வின், நாற்காலியை அவள் முதுகில் இறக்கினான். அவள் அவன் கையைக் கடித்தாள், சதை பிய்ந்தது. யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள், யாரோ வயிற்றில் உதைத்தார்கள். நேற்றுவரை அவளிடம் கறிவேப்பிலை வாங்கிப் போனவர்கள்தான்.

கீழே கிடந்த கொர்னேலியஸ்தான் முதலில் சட்டைப் பைக்குள் கை விட்டார். "போட்டுடுங்கப்பா. விரிச்சாச்சி. வெறுந்துண்ட மடிக்கக் கூடாது" என்று அழுதுகொண்டே நோட்டைப் போட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். போட்டார்கள், அவள்மேல் காறித் துப்பினார்கள், போனார்கள். எல்வினும் மூக்கைத் துடைத்த கையாலேயே ஒரு நோட்டைப் போட்டுவிட்டு அவள் இடுப்பில் ஓர் உதை விட்டான். தரையில் கிடந்த பாக்யலட்சுமி, துண்டு நிறைவதைப் பார்த்துச் சிரித்தாள். ஆமாம், சிரித்தாள்!

ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்த் திரும்பிய பவ்யா, சத்தம் கேட்டு உள்ளே வந்தாள். சாணை பிடித்து வாங்கிவந்த ஷூ கழுத்தில் தொங்கியது. துண்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"யாரு செத்தது?"

"நீதான்" என்றான் எல்வின். "உங்கம்மாதான் உம் பேரச் சொல்லி விரிச்சிது."

"துட்டு வந்துருச்சிடி கண்ணு! நம்ம லைன் பங்கு பூரா வந்துருச்சி! ஐஸ் வந்துரும்டி!" பாக்யலட்சுமியின் பல்லெல்லாம் ரத்தம்.

பவ்யா கழுத்திலிருந்த ஷூவைக் கழற்றி, அந்தப் பணத்தின்மேல் வைத்தாள். "செத்தவ சாமான வூட்ல வெக்காத" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மறுநாள் பூதிகோட்டையில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஷிப்ட் காசைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லை. நகரசபையில் கட்டினார்கள், அரங்கமும் எழும்பியது. பாக்யலட்சுமிக்கு அங்கேயே செக்யூரிட்டி வேலையும் கிடைத்தது. சிமெண்ட் மூட்டை திருடிய ஒருத்தன் கைவிரலை முறித்தாள் என்று கேள்வி. லைனில் யாரும் அவளோடு பேசுவதில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அந்த ஷூவைத் துணியில் சுற்றிக்கொண்டு பூதிகோட்டைக்குப் பஸ் ஏறினாள். பவ்யா தோட்டத்தில் தக்காளியைக் கிரேட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குத் தொறக்கறாங்கடி. மொத ஆளா நீ எறங்கணும், வா."

பவ்யா நிமிரவில்லை. "அது எஞ் சாவுத் துட்டுல கட்னதுமா. அங்க கால வெச்சா, செத்துப்போனது எம் பொண்ணுன்னு நீ கத்தனதுதான் எங் காதுல கேக்கும். நான் எப்டி ஆடுவேன்?"

"உனக்கோசரம்தானடி..."

"எனக்கோசரம் அடி வாங்கன, சரி. என்னிய இன்னாத்துக்குமா சாவடிச்ச?"

பாக்யலட்சுமியின் கை ஓங்கியது. பவ்யா விலகவில்லை, முகத்தைக்கூடத் திருப்பவில்லை. ஓங்கிய கையால் பாக்யலட்சுமி தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டாள். உதடு கிழிந்தது. அக்கா ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்கிற வரைக்கும் அவள் நிறுத்தவில்லை.